அக்காவின் லண்டன் கடையைச் சீதனம் பேசிய விதம்

அமிர்தகழி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி சுபாகரனுக்கு,

மாமாங்கப் பிள்ளையாரின் காவலில் நானும் மகள் நிருஷாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். முழங்கால் வலி மட்டும் உண்டு. வலி எனக்கு, அதைப் பற்றி முறைப்பாடு அவளுக்கு. நீயும் பெண்சாதி பிள்ளைகளும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ரெலிபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். போனில் நான் வாய் திறந்தால் "அக்கா, பஸ் எடுக்கப் போறன், பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுகிறாய். நீ ஓட்ட எடுத்த பஸ் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. குரலைப் பதிந்து அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாயாம், உன் மகளே சொன்னாள். நான் அழுதது அணில் கத்தினது போல இருந்ததாம். கடிதத்தை அப்படி ஓடவிட ஏலாது. அதோடு கையெழுத்து வைத்த தாள் தபாலில்தான் வர வேண்டுமென்று சொன்னவனும் நீதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை கண்டால் பொறுத்துக்கொள்.

பெரியக்காவின் ஆண்டுத் திவசம் அடுத்த மாதம் வருகிறது. அன்று லண்டனில் நீ அவவின் பெட்டியைத் தோளில் சுமந்தாய். நான் போனில் பார்த்தேன். அதுவும் சிக்னல் நின்று நின்று வந்ததில் அன்னப்பூரணி அக்காவின் முகம் பாதிதான் எனக்குக் கிடைத்தது, மற்றப் பாதி சின்னச் சின்னக் கட்டமாகிக் கலைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் இப்போதும் போனைத் துடைத்து, சார்ஜ் போட்டு, அரிசி புடைக்கிற சுளகுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த நேரத்தில்தான் அக்கா லண்டன் ஈஸ்ற்ஹாம் கடையில் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே எனக்குக் கோல் எடுப்பா. கடகடவென்ற அந்தச் சத்தத்தில் பாதிக் கதை எனக்கு விளங்காது. "அந்த மெஷின நிப்பாட்டு அக்கா, ஒண்டும் கேக்குதில்ல" என்று கத்துவேன். "நிப்பாட்டினா சட்டைய ஆர் தைக்கிற? நீ சொல்லு, எனக்குக் கேக்குது" என்பா. எத்தனையோ வருஷமாக எங்கள் இருவரின் பேச்சும் இப்படித்தான் நடந்தது.

கடையையும் அதன் மேல் அறையையும் அக்கா என் பேருக்கு எழுதி வைத்திருக்கிறா என்று நீ சொன்ன அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆள் இல்லாத கடை எனக்கு எதற்கு? ஆனால் ஏன் எழுதினா என்பது தெரியும். நம் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் இருக்கிற வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் பின்வளவில் ஓர் ஓலைக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்க வேண்டும். அம்மாவும் இந்த வீட்டை எனக்குத் தந்துவிட்டுக் கிணற்றடிக் கொட்டிலில்தான் கண்ணை மூடினா. "உன்னக் கொட்டிலுக்குப் போக விடமாட்டன், நிருஷாட சீதனம் என்ட பொறுப்பு" என்று அக்கா எத்தனையோ தரம் சொன்னா. மெஷின் சத்தத்துக்குள்ளும் அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஆகவே நான் என்ன செய்தேன்? ஊரில் எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தேன். களுவாஞ்சிக்குடியில் நெல் ஆலை வைத்திருக்கிற சாமித்தம்பியர் தன் மகன் தனோஜனுக்கு நிருஷாவைக் கேட்டு வந்தபோது, கலியாணப் பேச்சுக்காலில் பாய் விரித்து வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து, வீட்டுக்குப் பதிலாக லண்டன் கடையைச் சீதனமாகச் சொல்லிவிட்டேன். வீடு கொடுக்கலாம், வயல் கொடுக்கலாம், மாடு கொடுக்கலாம் என்றால் கடையும் கொடுக்கலாம்தானே. வந்த பெண்கள் குரவை போடாத குறை. அடுத்த நாள் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவளுக்குக்கூடச் சாமித்தம்பியர் லண்டனில் கால் வைத்துவிட்டது தெரிந்திருந்தது. இங்கே ஒழுங்கையில் நான் கூனி இறால் வாங்கப் போனால், "என்னகா தெய்வமணி, லண்டன் முதலாளியும் கூனியோ தின்னுற" என்கிறார்கள். மீன்காரன் என்னைக் கண்டால் விலையைச் சொல்ல முன்பு ஒருதரம் வானத்தைப் பார்க்கிறான்.

முதல் கடிதம் மாமாங்கத் திருவிழா நேரம் வந்தது. ஒழுங்கை முழுக்கக் காப்புக் கடையும் ஐஸ்கிறீம் வண்டியும். தபால்காரர் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்காத குறையாக வந்து, "லண்டன் அரசாங்கம் எழுதியிருக்கு" என்று கடலைக்காரனுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லித் தந்தார். எடுத்துக்கொண்டு முனாப்பிடம் போனேன். முனாப் காத்தான்குடிக்காரர், ரோட்டோரத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் யாருக்கு இங்கிலீஷ் கடிதம் வந்தாலும் அவருடைய போனுக்குத்தான் காட்டுவது. போன் அதைப் படம் பிடித்துத் தமிழில் வாசிக்கும். ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற பெண்பிள்ளையின் குரலில், கொஞ்சமும் இரக்கமில்லாமல், நான் வெளிநாட்டில் வசிக்கும் கட்டட உரிமையாளர் என்று அது வாசித்தது.

"நான் எங்க வெளிநாட்டில வசிக்கிறன்? பிறந்த வளவிலயே இரிக்கன்" என்றேன்.

"அவங்களுக்கு நீங்கதான் வெளிநாடு அக்கா" என்றார் முனாப். "அங்க இரிந்து பாத்தா நீங்கதான் வெள்ளக்காரி."

தம்பி, ஒரு தரம் கதிர்காமம் போனதைத் தவிர ஊர் எல்லை தாண்டாதவள் நான். எனக்கு வந்த பட்டத்தைப் பார். பிறகு ஒரு படிவம் நிரப்ப வேண்டி வந்தது. இந்த வருஷத்தில் அந்த நாட்டில் எத்தனை நாள் தங்கினீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. கனவில் போனது கணக்கில் சேருமா என்று கேட்டேன். முனாப் போனைக் கேட்டுப் பார்த்தார், அது கேள்வியையே திரும்ப வாசித்தது. பூச்சியம் என்று போட்டோம். உண்மையில் அக்கா போன பிறகு நான் அந்தக் கடைக்குப் போகாத ராத்திரி இல்லை.

அடுத்ததாக வாடகை வந்தது, குறைந்து வந்தது. அக்காவிடம் வேலை பழகின ஸாதியாதான் இப்போது அந்தக் கடையை வாடகைக்கு எடுத்துத் தன் பேரில் தையல் நடத்துகிறாள் என்பது உனக்குத் தெரியும். நம் கல்முனைப் பக்கத்துப் பிள்ளை. அக்காவின் உப்பைத் தின்றவள் வாடகையில் கை வைக்கிறாளே என்று எனக்குத் தலை சுற்றியது. கோல் எடுத்து நான் விட்ட பேச்சை இந்தத் தாளில் எழுத ஏலாது, திருவிழாவுக்கு வந்த சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. அந்தப் பிள்ளை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்ரி, வெட்டினது நான்தான், ஆனா எனக்கில்ல. உரிமையாளர் வெளிநாட்டில இரிந்தா வாடகை குடுக்கிற ஆள்தான் முதல்ல வரிய வெட்டிக் கட்டணுமாம். வெட்டாட்டி என்னயத்தான் பிடிப்பாங்க" என்றாள். முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி எடுத்தால் வெட்டாமல் முழுவதையும் அனுப்பலாமாம், ஆனால் நான் வருஷா வருஷம் கணக்குக் கொடுக்க வேண்டுமாம். நான் திட்டினதற்கு அவள் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. மரியாதையான பிள்ளை. என்னோடு பேசுகிற நேரமெல்லாம் மெஷினை நிற்பாட்டிவிடுவாள், லைனில் ஊசி விழுந்தாலும் கேட்கும். அப்படி அமைதியாக இருக்கும்போதுதான் எனக்குப் பேச்சே வராமல் போகிறது.

அங்கே வெட்டியதோடு முடிந்தது என்று நினைத்தால், முனாப்பின் போன் விடவில்லை. இலங்கையில் வசிக்கிறவர் எந்த நாட்டில் உழைத்தாலும் அதை இங்கேயும் சொல்ல வேண்டும் என்று வாசித்தது. ஒரே மாட்டில் இரண்டு வீட்டார் பால் கறக்கிறதா என்று சண்டைக்கு ஆயத்தமாகத்தான் மட்டக்களப்பு ரவுணில் இருக்கிற வரிக் கந்தோருக்குப் போனேன். போகிற வழியில் முருங்கைக்காய் மலிவாகக் கிடந்தது, ஒரு பை வாங்கினேன். வரிசையில் நிற்கும்போது மேசையில் இருந்த பிள்ளை, "வெளிநாட்டில சொத்து ஏதும் இரிக்கா?" என்று கேட்டா. "லண்டனில ஒரு கடை" என்றேன். வரிசை முழுக்க என் முருங்கைக்காயைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பின்னால் நின்றவர் தன் மகன் நன்றாகப் பெட்டி தூக்குவான் என்று அந்த இடத்திலேயே வேலை கேட்டுவிட்டார். அந்தக் கந்தோர்ப் பிள்ளை தங்கமான பிள்ளை. எனக்குச் சண்டை பிடிக்க இடமே தரவில்லை. அங்கே கட்டியதற்குச் சான்று கொண்டுவந்தால் இங்கே அதைக் கழித்துப் பார்ப்போம், இரண்டு நாடும் அப்படி ஒப்பந்தம் செய்திருக்கிறது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினா. எனக்குத் தெரியாமலே இரண்டு நாடும் பேச்சுக்கால் வைத்து முடித்திருக்கின்றன. வரும்போது எனக்கென்று ஒரு வரி இலக்கமும் தந்து அனுப்பினா. வாழ்க்கையில் அரசாங்கம் எனக்கு முதன்முதலாகத் தந்த சாமான் என்பதால் அதைப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்து ஒரு பூவும் வைத்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு சம்மந்தி வீட்டாருக்குச் சொல்லாமல் விடுவது சரியா? சாமித்தம்பியர் பச்சரிசிப் பையோடும் குடையோடும் நாள் பார்க்க வந்தபோது, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடை வந்தால் கடையோடு கணக்கும் வரும். வருஷா வருஷம் இரண்டு நாட்டுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிந்தினால் கட்ட வரியே இல்லாவிட்டாலும் தண்டம் உண்டு. நிருஷாவின் பேருக்கு மாற்றுவதென்றால் அங்கே ஒரு சட்டத்தரணி, இங்கே ஒரு சட்டத்தரணி. மாற்றிய நாளிலிருந்து வெளிநாட்டு முதலாளி அவள், கந்தோர் விசாரிப்பது அவள் வீட்டாரை. அவர் தேத்தண்ணியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "கந்தோர்க்காரர் வீட்டுக்கும் வருவாங்களோ?" என்று மெல்லக் கேட்டார். எனக்குத் தெரியாது, வரலாம் என்றேன். அவருடைய ஆலையில் நெல் குத்துகிற சத்தம் களுவாஞ்சிக்குடி முழுக்கக் கேட்கும்; வரிக் கந்தோருக்கு மட்டும் இன்னும் கேட்கவில்லை போலிருக்கிறது. தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போனவர் குடையையும் விட்டுவிட்டுப் போனார்.

குடை எடுக்க வந்த அன்று ஒரு முடிவோடுதான் வந்தார். "தங்கச்சி, எங்களுக்கு லண்டன் வேணாம். ஊரில எல்லாரும் குடுக்கிற மாதிரி இந்த வீட்ட எழுதுங்க. இதுக்கு மாநகரசபைச் சோலைவரி மட்டும்தானே" என்றார். வீடு இல்லையென்றால் பேச்சை இந்த மட்டில் நிற்பாட்டுவோம் என்பதையும் குடையை விரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மாப்பிள்ளைத் தம்பியும் அதற்கிடையில், கடை கிடைத்தால் விசாவும் சேர்ந்து கிடைக்குமா என்று நிருஷாவிடம் விசாரித்திருக்கிறார். கடை இருக்கிறதென்பதற்காக உள்ளே விடமாட்டார்கள் என்று முனாப்பின் போன் வாசித்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அமிர்தகழிக் காற்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. நிருஷாவிடம் கேட்டால், "எனக்கு ஆள்தானம்மா வேணும். வீடெண்டாலும் சரி, கடையெண்டாலும் சரி, சண்ட பிடிக்காம ரெண்டில ஒண்டக் குடுங்க" என்கிறாள். அவளும் தனோஜனும் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள், இதைக் குழப்ப எனக்கு மனமில்லை.

ஆகையால் தம்பி, நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன், கடையை விற்றுவிடு. அந்தக் காசில் முன்வளவில் நிருஷாவுக்குப் புதிதாக ஒரு வீடு கட்டிக் கொடுத்தால் சாமித்தம்பியருக்கும் வீடு கிடைக்கும், நானும் என் வீட்டிலேயே இருக்கலாம், என்னைக் கொட்டிலுக்குப் போக விடமாட்டேன் என்ற அக்காவின் சொல்லும் நிற்கும். விற்றாலும் இலாபமோ நட்டமோ குறித்த நாளுக்குள் அங்கத்தைய அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்றாய். வைத்திருந்தாலும் சொல்ல வேண்டும், விற்றாலும் சொல்ல வேண்டும். உயிரோடிருந்தபோது என் புருஷனுக்குக்கூட நான் இவ்வளவு சொன்னதில்லை. அதையும் நீயே பார்த்துச் சொல்லிவிடு. ரவுணுக்குப் போய்ச் சட்டத்தரணிக்கு முன்னால் கையெழுத்து வைத்துவிட்டேன். பேனையை எடுத்து எடுத்து வைத்தேன், என்னை வயசு போன ஆள் என்று நினைத்து அவர் நாற்காலி தந்தார். தாள் இந்த உறைக்குள் இருக்கிறது. அக்காவின் மெஷினை மட்டும் விலை பேசாதே, ஸாதியாவே வைத்துக்கொள்ளட்டும். இங்கே கொண்டுவந்து வைத்தால் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், வேறு வேலை நடக்காது.

திவசத்துக்கு ஐயரிடம் சொல்லியாயிற்று. நீயும் அன்று கடைவாசலில் ஒரு விளக்கு வை. உன் பெண்சாதிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு உச்சியில் ஒரு முத்தம். நீ ஓட்டுகிற பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஏறின மாதிரியே இறங்க வேண்டும், உன் குடும்பத்துக்கு ஒரு கெட்ட சேதியும் இனித் தபாலில் வரக் கூடாது என்று மாமாங்கப் பிள்ளையாரைக் கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சின்னக்கா
தெய்வமணி

பிற்குறிப்பு: சோறு பிசைந்து உறையை ஒட்டியாயிற்று. ஒட்டியதைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன், ஓரம் கிழிந்திருந்தால் தபால் கந்தோரைப் பேசாதே. பின்னேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அது அடித்து எவ்வளவு காலம். ஸாதியாதான். "அன்ரி, வருஷக் கணக்குக் குடுக்கிற நாள் கிட்டுது, உங்கட கையெழுத்து ஒண்டு வேணும். ஒரு பொம்புள சட்டைக்குக் காத்துக்கொண்டு நிக்கிறா, இத முடிச்சுக் குடுக்கணும், குறை நினைக்காதீங்க" என்று சொல்லி மெஷினை ஓட்டிக்கொண்டே கதைத்தாள். அதே மெஷின், தம்பி. நடுவில் ஒருதரம் இழுத்துவிட்டுப் பிறகு ஓடும், உனக்கும் ஞாபகம் இருக்கும், அது அப்படியே இழுத்துவிட்டு ஓடியது. எனக்குச் சுளகு கையில் நிற்கவில்லை, அரிசி முழுவதும் கோழிக்குப் போயிற்று.

"அன்ரி, லைன்ல நிக்கிறீங்களா? மெஷின நிப்பாட்டட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம் புள்ள, ஓடட்டும்" என்றேன். "நீ சொல்லு, எனக்குக் கேக்குது."

உண்மையில் அவள் சொன்ன ஒரு சொல்லும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டேன், எதற்கு ஓம் சொன்னேன் என்பதை நீதான் அவளிடம் விசாரிக்க வேண்டும்.

ஆகவே மேலே எழுதியதெல்லாவற்றையும் விடு. தாள் வீணாகும் என்பதற்காகத்தான் கிழிக்காமல் அனுப்புகிறேன். கையெழுத்து வைத்த தாளை மட்டும் உறைக்குள் தேடாதே, அது அடுப்புக்குள் போய்ச் சோறும் வெந்துவிட்டது. கடையை விற்க வேண்டாம். அங்கேயும் கட்டுகிறேன், இங்கேயும் கட்டுகிறேன், மூன்றாவதாக ஒரு நாடு வந்து கேட்டாலும் முனாப்பிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். வீட்டை நிருஷாவுக்கே எழுதுகிறேன் என்று சாமித்தம்பியருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். கிணற்றடியில் கொட்டில் போட இடமும் பார்த்தாயிற்று, வாவிக் காற்று நேரே வரும். லண்டனில் கடை வைத்திருக்கிறவள் கொட்டிலில் படுக்கிறாள் என்று ஒழுங்கையில் சிரிப்பார்கள்; பாசிக்குடாக் கடற்கரையில் வெள்ளைக்காரரெல்லாம் காசு கொடுத்துக் கொட்டிலில்தானே படுக்கிறார்கள், நானும் இப்போது அந்தச் சாதிதானே. என்னைக் கொட்டிலுக்குப் போக விடமாட்டேன் என்று சொன்ன அக்கா கோபிப்பா. கோபித்தால் கோல் எடுத்துப் பேசட்டும்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நான் சொன்னதாகச் சொல்லாமல், தற்செயலாகச் சொல்வது போல ஸாதியாவிடம் சொல்லிவிடு: வாடகையில் எவ்வளவு வெட்டினாலும் சரி, சின்னக்காவோடு கதைக்கும்போது மெஷினை நிற்பாட்டத் தேவையில்லை என்று.